வசனம் இல்லாத வேடம்

எனக்கு மரம் வேடம் தந்தார்கள்.
குலசேகரம் சந்தையை ஒட்டி, இரும்புக்கடை மாடியில்,
சனி ஞாயிறு மாலை ஐந்திலிருந்து ஏழு வரை ஒத்திகை.
வசனம் கிடையாது.
"நடிக்கக் கூடாது றெஜினாக்கா, நின்னா போதும்"
என்றாள் ஷைனி. நாடகத்தை எடுப்பவள் அவள்தான்,
வார நாட்களில் பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவள்.

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.
ராணி வேடம் இருந்தது. வக்கீல் வேடம் இருந்தது.
முந்நூற்று இருபது மரத்தை
ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுகிறவளுக்கு
மேடையிலும் ரப்பர் மரம்தானா?

முதல் நாள் நிற்கத் தெரியவில்லை.
இடது கால் அரித்தது. கொசு.
பைக்குள் போன் அடித்தது, குழுத் தவணையாக இருக்கும்.
"வேர் விடுங்கக்கா" என்றாள்.
சிரித்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டாம் வாரம்
கண்ணை மூடி வேரை இறக்கினேன்.
கீழே சகாயத்தின் கடை:
பி.வி.சி. குழாய்க் கட்டுக்குள் நுழைந்து
சிமெண்ட் மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு
பற்று நோட்டில் என் பெயரைக் கடந்து
(தகரம் வாங்கிய பாக்கி, அறுநூற்று நாற்பது)
தரையைத் துளைத்தால் செம்மண்.
செம்மண்ணுக்கும் கீழே
கோதையாற்றிலிருந்து பிரிந்து வந்த ஏதோ ஒரு குளிர்ச்சி.
அது உள்ளங்காலில் ஏறியதா
நானாக நினைத்துக்கொண்டதா
தெரியாது.
இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருப்பதாகத்தான்
அதுவரை நம்பியிருந்தேன்.

மூன்றாம் சனிக்கிழமை வெட்டுகிறவன் வந்தான்.
ஆட்டோ ஓட்டும் சுகுமாரன், கையில் அட்டைக் கத்தி.
வலமிருந்து இடமாக இழுத்தான்.
மரம் பேசக் கூடாது. பேசிவிட்டேன்:
"அங்ஙன இல்ல சுகு. இடப்பக்கம் ஒசத்தி, வலப்பக்கம் தாழ்த்தி.
பட்டைய மட்டும் சீவு. தடியில கொண்டா ஆறாது."
ஷைனி நிறுத்தவில்லை.
அவன் திரும்ப வந்தான், மெதுவாக, நான் சொன்ன சாய்வில்.

அட்டை என்மேல் படவேயில்லை.
ஒரு விரல் தள்ளியே போனது.
ஆனாலும் இடது தோளிலிருந்து வலது விலாவுக்கு
ஒரு கோடு திறந்தது.
வலி என்று சொல்ல முடியாது.
இருபத்திரண்டு வருஷமாக
என் கை எழுதிவந்த கோடு.
அன்றைக்குத்தான் அதை வாசித்தேன்.

மறுநாள் பூசையில் முழங்காலிட்டபோது
மகனின் வேலை, கழுத்து வலி, தகரப் பாக்கி
மூன்றும் வாய்வரை வந்தன.
கேட்கவில்லை.
முழங்காலில் இருந்தபடியே நின்றேன்.
நான் உறங்குவதாக நினைத்து
பக்கத்தில் குளோறி பாய்
முழங்கையால் இடித்தாள்.

திங்கள் விடியுமுன், மூன்றரை மணி.
நெற்றி விளக்கோடு வரிசையில் இறங்கினேன்.
நாற்பது மரம் வரை வழக்கம்போல.
நாற்பத்தொன்றாவதில்
மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் பாவாடை கிழிந்திருந்தது,
சிரட்டையில் பழைய ஒட்டுப்பால்.
விளக்கை அணைத்தேன்.
முதுகு சாய்க்காமல்
அதன் அருகில், அது நிற்கிற மாதிரி நின்றேன்.
இருட்டில் இரண்டு பேர்.
யார் வேடத்தை யார் போட்டிருக்கிறோம் என்று
சற்று நேரம் நிச்சயமில்லை.

பிறகு வெட்டினேன். வெட்டாமல்?
அரிசிக்கு அது வேண்டும்.
சீவல் மட்டும் முன்பைவிட மெலிதாக விழுந்தது,
உள்ளித் தொலி போல.
முதல் சொட்டு தன் நேரத்தை எடுத்துக்கொண்டு
அப்புறம் கோட்டைப் பிடித்து இறங்கியது.

அன்று வாளியில் ஒன்றரை லிட்டர் குறைவு.
வெயில் ஏறிவிட்டால் பால் இழுத்துக்கொள்ளும்.
"என்னவாக்கும் இன்னைக்கு தாமசம்?"
கணக்கெழுதும் வின்சிலால் கேட்டான்.
ஒத்திகை, என்றேன்.
பேனாவை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.
அவன் நோட்டில் அதற்கு இடமில்லை.
மழை என்று எழுதிக்கொண்டான்.